ஐஸ் பெட்டியில் ஆட்டுச் சீம்பால்

கீழே மேச்சேரிச் சந்தையில் வாங்கி லாரியில் ஏற்றிவந்த சினை ஆடுகள் ஏற்காட்டு மலைமேல் நாகலூரில் நல்லபடியாகத்தான் ஈன்றன. குட்டிகள்தான் தங்கவில்லை. பிறந்த அன்று துள்ளும், முட்டி முட்டிப் பால் குடிக்கும், தாயின் வயிற்றோரம் சுருண்டு தூங்கும். இரண்டு நாள் போனால் மஞ்சளாகக் கழிய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு தலை தூக்காது.

சையத் இப்ராஹிம் இதற்குக் காரணம் மலைக் குளிர் என்று முடிவு கட்டியிருந்தார். நாகலூரில் பஸ் வந்து திரும்பும் இடத்தில் அவருக்கு ஒரு மளிகைக்கடை. எஸ்டேட் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கறியும் அவர் கடையில்தான். அதற்காகக் கடைக்குப் பின்னால் பட்டி போட்டு ஆடு வளர்த்தார். வளர்த்தார் என்பது பேச்சுக்குத்தான். வாங்குவதும் விற்பதும் அவர். தழை ஒடித்துப் போட்டு, பட்டி கூட்டி, குட்டி இழுத்துப் போடுவதெல்லாம் அவர் மனைவி ஜமீலா.

ஜமீலா சேலம் கோட்டைப் பக்கத்துப் பெண். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சின்ன வயதில் வீட்டு ஸ்டவ்வைக் கழற்றி, நெருப்பு எந்த ஓட்டையிலிருந்து வருகிறது என்று பார்க்கப்போய், அதைத் திரும்ப மாட்டத் தெரியாமல் அன்றைக்கு வீட்டில் எல்லோரும் பன் தின்று படுத்ததுண்டு. கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் பனிமூட்டம் தரையிலிருந்து ஏறுகிறதா, மேலேயிருந்து இறங்குகிறதா என்று கணவரிடம் கேட்டாள். அவர் அதைப் பற்றி அதுவரை யோசித்ததில்லை. கேட்ட பிறகும் யோசிக்கவில்லை.

குட்டிகள் விஷயத்திலும் அவளுக்குக் கேள்விதான் முதலில் வந்தது. குளிர்தான் கொல்கிறது என்றால் ஆராயி அக்காவின் குட்டிகளுக்கு மட்டும் குளிராதா?

ஆராயி மேட்டுக்காட்டில் ராகியும் கொஞ்சம் காப்பியும் வைத்திருந்த குடும்பத்துக்காரி. அவள் பட்டியில் இருந்தவை மலையிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்த ஆடுகள். பார்க்கச் சின்னது, அழகும் இல்லை. இப்ராஹிம் அவற்றைக் கறிக்குக்கூட மதிப்பதில்லை. ஆனால் இரண்டு பட்டி ஆடுகளும் மேய்வது ஒரே சரிவு, குடிப்பது ஒரே ஓடைத் தண்ணீர். ஆராயியின் குட்டிகள் மழையில் நனைந்துகொண்டே வளர்ந்தன. ஜமீலாவின் குட்டிகள் சாக்குக்குள் வைத்தும் செத்தன.

ஜமீலா ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். ஆராயி பட்டியில் சாம்பல் தூவுவதைப் பார்த்துத் தானும் தூவினாள். சருகு பரப்பினாள். பட்டியின் வாசலைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லிக் கணவரிடம் சண்டை போட்டுத் திருப்பினாள். ஒன்றும் மாறவில்லை.

எண்பத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில்தான் முதல் துப்பு கிடைத்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் மேச்சேரி ஆடு ஒன்று குட்டி போட்டது. போட்ட கையோடு ரத்தப்போக்கு நிற்காமல் செத்தும் போனது. ஜமீலா ஈரக் குட்டியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஆராயி வீட்டுக்கு ஏறினாள், ஏதாவது பால் கிடைக்கும் என்று. அங்கே ஆராயி செத்துப் பிறந்த குட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தாய் ஆடு மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தது.

ஆராயி குட்டியைக் கையில் வாங்கிக்கொண்டாள். செத்த குட்டியின் மேல் இருந்த பனிக்குட நீரையும் வழவழப்பையும் வழித்து இந்தக் குட்டியின் உடம்பெல்லாம் பூசினாள். மலை ஆடு முகர்ந்தது. விலகிப் போனது. மறுபடி வந்து முகர்ந்தது. பிறகு நக்கத் தொடங்கியது. குட்டி காம்பைப் பிடித்து இழுத்தபோது, பசுமஞ்சள் நிறத்தில் தேன் மாதிரிக் கெட்டியாகச் சீம்பால் அதன் கடைவாயில் வழிந்தது.

அந்தக் குட்டி சாகவில்லை. மூன்றாம் நாள் போனது, வாரம் போனது, கழிச்சல் வரவே இல்லை. ஆராயியின் குட்டிகளோடு சேர்ந்து பாறை மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஆயுசு கெட்டி என்றார் இப்ராஹிம். ஜமீலாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. பிறந்தது மேச்சேரி ஆட்டு வயிற்றில். குடித்தது மலை ஆட்டுப் பால். அப்படியானால் சங்கதி பாலில் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த குட்டி கழிய ஆரம்பித்ததும் அவள் தயங்கவில்லை. ஆராயியின் ஆடு ஒன்று அன்றைக்குத்தான் ஈன்றிருந்தது. அதன் குட்டி குடித்து நிறைந்த பிறகு ஒரு டம்ளர் சீம்பால் பீச்சி வாங்கிவந்து, விரலை நனைத்து நனைத்து ஊட்டினாள். குட்டி ஆசையாகத்தான் குடித்தது. மறுநாள் மத்தியானம் செத்துப்போனது.

ஜமீலாவுக்குக் குட்டி செத்த வருத்தத்தைவிடக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது. அதே மலை, அதே பட்டி, அதே சீம்பால். ஒன்று பிழைக்கிறது, ஒன்று சாகிறது. அவள் விடாமல் கேட்டதில், எல்லாம் மலைச்சாமி சேர்வராயன் கணக்கு என்று சொல்லி ஆராயி களையெடுக்கப் போய்விட்டாள்.

கார்த்திகையில் ஏற்காட்டிலிருந்து கால்நடை டாக்டர் ஜேசுதாஸ் ஆடு மாடுகளுக்கு ஊசி போட நாகலூர் வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், மலைக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றார். வழியில் மரம் விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மழை வேறு. இப்ராஹிம் அவரைக் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுக்கச் சொன்னார். டீ கொண்டுவந்த ஜமீலா டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

"ஏனுங்க டாக்டர், ஒரே பாலுங்க. ஒரு குட்டிக்குக் குடுத்தேன், பொழச்சுக்கிச்சு. இன்னொண்ணுக்குக் குடுத்தேன், செத்துப் போச்சு. குத்தம் பாலுலயா, குட்டியிலயா?"

டாக்டர் விவரம் கேட்டார். அவள் சொன்னாள். பிழைத்த குட்டி பிறந்து உடம்பு காய்வதற்குள் குடித்தது. செத்த குட்டிக்குக் கழிச்சல் கண்ட பிறகு மூன்றாம் நாள் கொடுத்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டுலயும் குத்தம் இல்லம்மா. நீங்க போனப்போ கதவு சாத்தியாச்சு" என்றார்.

எந்தக் கதவு என்று அவள் கேட்க, அவர் முதலிலிருந்து சொன்னார். ஒரு நோய்க்கிருமி உடம்புக்குள் வந்தால் ரத்தம் அதை எதிர்க்க ஒரு பொருளைத் தயார் செய்யும். அது அந்த ஒரு கிருமிக்கு மட்டும்தான் பொருந்தும், பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி. நோய் போன பிறகும் அந்தச் சாவி ரத்தத்தில் கிடக்கும். வயதான ஆட்டின் ரத்தத்தில் அது பார்த்த நோய்க்கெல்லாம் சாவி இருக்கும். மனுஷப் பெண்ணுக்கு அந்தச் சாவிகள் நஞ்சுக்கொடி வழியாகவே வயிற்றுப் பிள்ளைக்குப் போய்விடும். ஆட்டுக்கு அப்படியில்லை. தாய் ரத்தத்துக்கும் குட்டி ரத்தத்துக்கும் நடுவே தடுப்பு அதிகம். சத்து போகும், மூச்சுக்காற்று போகும், இது போகாது. அதனால் ஆட்டுக்குட்டி மண்ணில் விழும்போது வெறுங்கையோடுதான் விழுகிறது.

"அப்ப அதுக்கு எப்படிக் கெடைக்கும்?" என்று கேட்டாள் ஜமீலா.

அதற்குத்தான் சீம்பால் என்றார் டாக்டர். ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே மடி அந்தச் சாவிகளை ரத்தத்திலிருந்து இழுத்து இழுத்துச் சேர்க்கிறது. ரத்தத்தில் இருப்பதைவிடச் சீம்பாலில் அதிகமாகக்கூட இருக்கும். பாலாக இறங்கிய பிறகு குறைந்துபோகும். மற்ற நாளாக இருந்தால் வயிற்றுக்குள் போனது எல்லாம் செரித்துத் தூளாகிவிடும். ஆனால் பிறந்த முதல் நாள் மட்டும் குட்டியின் குடல் அவற்றை உடைக்காமல் முழுசு முழுசாக ரத்தத்துக்குள் விடும். நேரம் ஆக ஆக அது குறைந்துகொண்டே வந்து, மறுநாளைக்குள் நின்றுவிடும். அதன் பிறகு குடம் குடமாக ஊற்றினாலும் குடலுக்குள் கொஞ்சம் காவல் நிற்குமே தவிர, ரத்தத்தில் சேராது.

மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. இப்ராஹிம் பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஜமீலா செத்த குட்டிகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். பிறகு, அதில் ஒரு குட்டியின் கதைதான் தீர்ந்தது, மற்றதெல்லாம் தீரவில்லை என்றாள். அவளுடைய மற்ற குட்டிகள் பிறந்த உடனே தாய் மடியில்தானே குடித்தன. அந்த ஆடுகளுக்கும் சீம்பால் சுரந்ததை அவளே பார்த்தாளே. கதவு திறந்திருக்கும்போதே குடித்தவை ஏன் செத்தன?

டாக்டர் மறுபடி விவரம் கேட்க ஆரம்பித்தார். ஆடுகளுக்கு என்ன தீனி, பட்டியில் ஈரம் எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அவை மலைக்கு எப்போது வந்தன என்று கேட்டார். நிறை சினையாகத்தான் வாங்குவேன், வந்து இரண்டொரு வாரத்தில் ஈன்றுவிடும் என்றார் இப்ராஹிம். தாயும் குட்டியுமாகக் கணக்கு சீக்கிரம் தேறும் என்பது அவர் எண்ணம்.

ஜமீலா முந்திக்கொண்டாள். "அப்ப அந்த ஆட்டுக்கு மேச்சேரி நோவுதானுங்க தெரியும். அங்கத்த சாவியை எல்லாம் மடியில சேத்து வெச்சிருக்கும். குட்டி பொறந்தது நாகலூருல்ல."

டாக்டர் மெதுவாகத் தலையாட்டினார். அப்படித்தான் இருக்க வேண்டும், ஆனால் இது ஊகம், சாணத்தையும் ரத்தத்தையும் லேபுக்கு அனுப்பிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம் என்றார். ஊகமாக இருந்தாலும் ஜமீலா அதைப் பிடித்துக்கொண்டாள். ஓர் ஆடு எந்தெந்த மண்ணில் நின்றது என்பது அதன் மடிக்குள் எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஆராயியின் அழகில்லாத ஆடுகளை அன்று சாயங்காலம் அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மடிக்கு எது சாவி, எது சாவி இல்லை என்று எப்படித் தெரிகிறது என்றும் டாக்டர் கிளம்புமுன் அவள் கேட்டிருந்தாள். ரத்தத்தில் எத்தனையோ பொருள் ஓட, இதை மட்டும் எப்படிப் பொறுக்கி எடுக்கிறது? அதற்கென்று மடிக்குள் வாயில் போல ஒன்று இருப்பதாகப் புத்தகத்தில் போட்டிருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பஸ் வந்தது. ஈனுவதற்கு ஒரு மாதம் முன்னால் தாய்க்கு ஊசி போட்டால் அந்தச் சாவியும் சீம்பாலில் சேரும் என்று ஏறும்போது சொன்னார். அவர் போய்விட்டார்.

அதன் பிறகு வீட்டில் பேச்சு வளர்ந்தது. இனிமேல் சினை பிடித்து ரொம்ப நாள் ஆகாத ஆடாகப் பார்த்து வாங்க வேண்டும், அவை ஈனுவதற்குள் இரண்டு மூன்று மாதமாவது ஆராயியின் ஆடுகளோடு கலந்து மேய வேண்டும், டாக்டர் சொன்னபடி ஈனுவதற்கு ஒரு மாதம் முன்னால் தாய்க்கு ஊசி போட வேண்டும் என்றாள் ஜமீலா. குட்டிக்கு வரும் நோய்க்குத் தாய்க்கு ஊசியா, இதென்ன வேடிக்கை என்றார் இப்ராஹிம். ஆனால் குட்டி புதைத்துப் புதைத்து அவருக்கும் அலுத்திருந்தது. ஒரு தடவை செய்து பார்க்கலாம் என்று இறங்கிவந்தார்.

அது பலிக்கும் வரை இருக்கிற ஆடுகளை என்ன செய்வது? ஆராயியின் ஆடுகளில் மிஞ்சும் சீம்பாலை எடுத்துவைத்தால் அவசரத்துக்கு ஆகுமே என்று ஜமீலாவுக்கு யோசனை. வைத்தால் மறுநாள் புளித்துவிடும். ஏற்காட்டில் ஏரிப் பக்கம் அவள் அண்ணன் அமீர் ஜான் குச்சி ஐஸ் கடை வைத்திருந்தான். பெரிய ஐஸ் பெட்டி. சித்திரை வைகாசியில் அதில் விரல் நுழைய இடமிருக்காது. மார்கழிப் பனியில் யார் ஐஸ் தின்பார்கள்? பெட்டி பாதி காலியாகக் கிடந்தது.

அவள் ஒரு கண்ணாடிப் பாட்டில் நிறையச் சீம்பாலை ஊற்றி மூடி, பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அமீர் ஜான் முகம் சுளித்தான். மறுவாரம் போய்ப் பார்த்தபோது உறைந்த பால் உப்பிப் பாட்டிலை விரித்துவிட்டிருந்தது. பெட்டி முழுக்கக் கண்ணாடிச் சில்லு. அண்ணன் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு ஐஸ் அச்சுகளைக் காட்டி, இதில் ஒன்றிரண்டு தரச் சொன்னாள்.

"ஐஸ் வார்க்குற அச்சுலயா? ஊர்க்காரனுக்குத் தெரிஞ்சா எங்க கடைப்பக்கம் எவன் வருவான்?"

"உங்க அச்சு வேண்டாம்ணே, பழசு ஒண்ணு ஓட்டையாக் கெடக்குதே, அதக் குடுங்க. குச்சி சொருகாம வெக்கிறேன். குச்சி இல்லாட்டி யாரும் மாத்தி எடுக்க மாட்டாங்க."

ஓட்டையை ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தான். ஓர் அச்சுக் கட்டி ஒரு குட்டியின் ஒரு வேளைக்குச் சரியாக இருந்தது. பெட்டியின் மூலையில் ஒரு துணிப்பைக்குள் இளமஞ்சள் கட்டிகள் ஆரஞ்சு ஐஸுக்குப் பக்கத்தில் கிடந்தன. ஆடு ஈனும் அறிகுறி தெரிந்ததும் பஸ்ஸில் போய் எடுத்துவருவாள்.

முதல் கட்டிகளை அவளே வீணாக்கினாள். அவசரத்தில் அடுப்பில் வைத்துக் காய்ச்சினாள். இரண்டு கொதியில் திரண்டு, வெல்லம் போட்டுத் தின்னும் பக்குவத்துக்கு வந்துவிட்டது. கொதித்துத் திரண்ட பிறகு அதில் சாவி ஏது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த முறை கட்டியை ஒரு டம்ளரில் போட்டு, கை பொறுக்கும் வெந்நீருக்குள் டம்ளரை நிறுத்தி மெல்ல இளக்கினாள். மேச்சேரி ஆட்டுக்குட்டி ஒன்று, தாயின் மடியைத் தொடுவதற்கு முன்பே, மலை ஆட்டின் சீம்பாலைக் குடித்தது. அன்று சாயங்காலம் வரை வேளைக்கு வேளை கொடுத்தாள். மூன்றாம் நாள் விடிந்ததும் பட்டிக்குப் போனவள், அதன் வாலைத் தூக்கிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

எல்லாம் பிழைத்துவிடவில்லை. கரண்டு போய்ப் பெட்டி இளகிய வாரத்தில் இரண்டு செத்தன. பிறவியிலேயே நோஞ்சான் ஒன்று எதற்கும் அசையவில்லை. ஆனாலும் அடுத்த வருஷம், மலையில் மாதக்கணக்கில் மேய்ந்து ஊசியும் போட்டுக்கொண்ட ஆடுகள் ஈன்றபோது, ஐஸ் பெட்டியின் தயவு அதிகம் தேவைப்படவில்லை. இப்ராஹிம் கடைக்கு வருகிறவர்களிடம் "அந்த ஊசியத் தாய்க்குத்தானுங்க போடோணும்" என்று தானே கண்டுபிடித்த மாதிரிச் சொல்ல ஆரம்பித்தார். ஜமீலா அதைத் திருத்தவில்லை.

அந்த வருஷம் அவளுக்கு இரண்டாவது பிள்ளை. ஏழாம் மாதத்தில் நர்ஸம்மா வந்து ரணஜன்னிக்கான டி.டி. ஊசி போட்டபோது, இது நேராகப் பிள்ளைக்கே போகும், ஆட்டுக்கு மாதிரி இல்லை என்று ஜமீலா சொல்ல, நர்ஸம்மா விழித்தார். பிள்ளை பிறந்தது. நாத்தனார் ரஹமத் பீவி சேனைத் தண்ணீர் என்று சர்க்கரைத் தண்ணீரைப் பிள்ளையின் நாக்கில் தொட்டுவைத்துவிட்டு, அந்த மஞ்சள் பாலைப் பீச்சிக் கொட்டு, மூன்று நாள் போகட்டும் என்றாள். மூத்த பெண்ணுக்கு அப்படித்தான் செய்தார்கள். இந்த முறை ஜமீலா பிள்ளையைக் கையில் வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள். கொடியில் பாதி போயிருக்கும், மீதி இதில் இருக்கும், இதைக் கொட்ட நான் மாட்டேன் அண்ணி என்றாள். ரஹமத் பீவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவ்வளவுதான்.

வருஷங்கள் ஓடின. டாக்டர் ஜேசுதாஸ் மாற்றலாகிப் போனார். இப்ராஹிம் கடைக்கே உறையவைக்கும் அறையோடு ஒரு குளிர்பானப் பெட்டி வந்தது. கட்டிகள் அதற்கு மாறியதும் அமீர் ஜானின் ஐஸ் பெட்டி மூலைக்கு விடுதலை கிடைத்தது. செம்மநத்தத்திலிருந்தும் கரடியூரிலிருந்தும் தாயில்லாக் குட்டிக்காக ஆட்கள் வந்து, பாயம்மா என்று அவர்கள் அழைத்த ஜமீலாவிடம் கட்டி வாங்கிப்போனார்கள். அவள் எல்லோரிடமும் முதலில் கேட்பது ஒன்றே. குட்டி எப்போது பிறந்தது? மறுநாள் தாண்டியிருந்தால் கட்டி கொடுக்க மாட்டாள்.

தொண்ணூற்று நான்கில் கரடியூர் மாதேஸ்வரன் ஒரு பெட்டைக் குட்டியைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தான். ஈன்ற அன்றே தாய் செத்து நான்கு நாள். குட்டி கழிந்துகொண்டிருந்தது. இனிப் பயனில்லை என்று ஜமீலா சொன்னாள். கதவு சாத்திய கதையையும் சொன்னாள். அவன் அசையாமல் நின்றான். பஸ் கூலி கொடுத்து வந்த மனுஷனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் மூன்று கட்டி கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த வாரம் மாதேஸ்வரன் ஒரு கூடை ஆரஞ்சோடு வந்து நின்றான். குட்டி துள்ளுகிறது என்றான்.

ஜமீலாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று முழுக்க அவள் கை வேலையில் ஓடவில்லை. நான்காம் நாள் கொடுத்தது எப்படி வேலை செய்யும்? புதிதாக வந்த டாக்டரிடம் கேட்டாள். தாய் சாவதற்கு முன் குட்டி கொஞ்சம் குடித்திருக்கலாம் என்றார் அவர். அல்லது சீம்பால் குடலுக்குள் நின்று கிருமியை மறித்திருக்கலாம். அல்லது தானாகவே தேறியிருக்கலாம். மூன்றில் எது என்றால் அவராலும் சொல்ல முடியவில்லை.

அவள் மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கரடியூர் போனாள். மாதேஸ்வரன் வீட்டில் அவன் மனைவி ராசம்மாள் இருந்தாள். ஜமீலா குட்டியின் கண் இமையை விலக்கிப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். பிறகு, ஆடு செத்த அன்று குட்டி மடியில் வாய் வைத்ததா என்று கேட்டாள். ராசம்மாள் யோசித்தாள். அன்றைக்கு எல்லோரும் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டார்கள்.

"நாங்க வந்து பாக்கறப்ப ஆடு செத்துக் கெடந்துச்சு. குட்டி பக்கத்துல படுத்திருந்துச்சு. குடிச்சுதா இல்லையான்னு பாத்தவங்க யாருமில்லீங்க."

ஜமீலா சிரித்துவிட்டாள். குட்டி அவள் முந்தானையை வாயில் கவ்வி இழுத்தது. அதை விடுவித்துக்கொண்டே, இது வளர்ந்து முதல் ஈத்து ஈனும்போது தனக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். எதற்கு என்று ராசம்மாள் கேட்டாள். இதன் சீம்பால் எந்த நிறத்தில் வருகிறது, அதைக் குடித்த குட்டி எப்படித் தேறுகிறது என்று பார்க்க வேண்டும், அதற்குத்தான் என்றாள் ஜமீலா. ராசம்மாள் சரியென்று சொல்லி, கொல்லையிலிருந்து ஒரு முறம் அவரைக்காய் பறித்துக் கொடுத்தாள். மத்தியான பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இரண்டு பேரும் பட்டிக்குப் போய் மற்ற ஆடுகளைப் பார்த்தார்கள்.